நான்கு பழைய பிலிம் கேமராக்கள்: எது நின்றுபோனால் எது கைகொடுக்கும்?

கே1000, எஃப்எம்2, ஏஇ-1, ஓஎம்-1. பழைய பிலிம் கேமரா ஒன்று வாங்கலாம் என்று தேடத் தொடங்குகிற யாரும் ஒரு வாரத்துக்குள் இந்த நான்கு பெயர்களில் வந்து நின்றுவிடுவார்கள். பென்டாக்ஸ், நிக்கான், கேனன், ஒலிம்பஸ் என நான்கு ஜப்பானியக் கம்பெனிகள். நான்குமே 35 மி.மீ. எஸ்எல்ஆர் (லென்ஸ் வழியே வரும் காட்சியை உள்ளே ஒரு கண்ணாடி நம் கண்ணுக்குத் திருப்பிக் காட்டும் கேமரா), நான்கிலுமே கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். மூன்று 1970களில் வந்தவை, எஃப்எம்2 மட்டும் 1982.

எது நல்ல கேமரா என்று கேட்டால் நான்குமே நல்லவைதான். படத்தைப் பார்த்து எந்த பாடியில் (லென்ஸ் நீங்கலான கேமரா உடம்பில்) எடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் நாற்பது ஐம்பது வயதான ஒரு பொருளை, காற்றில் உப்பும் ஈரமும் இருக்கிற ஊரில், கைக்காசு போட்டு வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு. இது நின்றுபோனால் என்ன செய்வது? நான் இவற்றை எடைபோடுவது அந்தக் கேள்வியை வைத்துத்தான்.

பேட்டரி

ஏஇ-1 1976இல் வந்தது. உள்ளே மைக்ரோபிராசஸர் வைத்து வந்த முதல் எஸ்எல்ஆர் அதுதான். ஷட்டர் வேகத்தை (பிலிமில் எவ்வளவு நேரம் வெளிச்சம் விழ வேண்டும் என்பதை) நாம் வைத்தால் போதும், அப்பர்ச்சரை (லென்ஸ் திறப்பின் அளவை) கேமராவே பார்த்துக்கொள்ளும். அந்தக் காலத்தில் இது பெரிய வசதி. 50 லட்சத்துக்கு மேல் விற்றது. இன்றும் எங்கே தேடினாலும் ஒன்று கண்ணில் படுவதற்கு அதுதான் காரணம்.

அந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. 6 வோல்ட் பேட்டரி இல்லாவிட்டால் ஷட்டர் அசையவே அசையாது. அந்த 4எல்ஆர்44 பேட்டரியை தெருமுனைக் கடையில் எதிர்பார்க்க முடியாது. வாட்ச் கடையில் கிடைக்கும் எல்ஆர்44 பட்டன் நான்கை அடுக்கி, டேப் சுற்றிப் போட்டால் வேலை செய்யும், அவசரத்துக்கு நானே செய்திருக்கிறேன். பேட்டரி கதவின் கொக்கி மெல்லிய பிளாஸ்டிக், உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். இவையெல்லாம் சமாளிக்கக்கூடியவை. உள்ளே இருக்கும் சர்க்யூட் போனால்தான் சிக்கல். புதுப் பாகம் கிடையாது. செத்துப்போன இன்னொரு ஏஇ-1இலிருந்து எடுத்துப் பொருத்துவதுதான் வழி.

மற்ற மூன்றிலும் பேட்டரி வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு மட்டும். அது தீர்ந்தாலும் ஷட்டர் எல்லா வேகத்திலும் ஓடும். நம் ஊர் வெயிலைக் கண்ணால் கணிக்கப் பழகியவர்களுக்கு மீட்டர் இல்லாததும் பெரிய குறை இல்லை.

கே1000க்கு ஒரே ஒரு எல்ஆர்44 போதும். அதில் மீட்டருக்கு ஆன்-ஆஃப் சுவிட்ச் கிடையாது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் மூடிதான் சுவிட்ச். மூடி போடாமல் மேசையில் வைத்தால் வெளிச்சத்தில் மீட்டர் விழித்துக்கொண்டே இருந்து பேட்டரியைத் தின்றுவிடும். எஃப்எம்2க்கு இரண்டு எல்ஆர்44. பிலிம் இழுக்கும் லீவரைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைத்தால்தான் அதன் மீட்டரும் ஷட்டர் பட்டனும் விழிக்கும். இடது கண்ணால் பார்த்துப் படம் எடுப்பவர்களுக்கு அந்த லீவர் முகத்தில் குத்தும், வாங்குவதற்கு முன் ஒருமுறை கண்ணில் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

ஓஎம்-1இன் கதை கொஞ்சம் வேறு. அது 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காகச் செய்யப்பட்டது. பாதரச பேட்டரி இப்போது விற்பனையில் இல்லை. அதே அளவில் கிடைக்கும் 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் முள் ஆடும், ஆனால் பொய் சொல்லும். காது கேட்கும் கருவிக்குப் போடுகிற 675 எண் பட்டனை ஒரு வளையத்துக்குள் வைத்துப் போட்டால் சரியாகவே காட்டும். அதன் அழுத்தம் 1.4 வோல்ட், போதுமான அளவு நெருக்கம். மேலே ஒட்டியிருக்கும் காகிதத்தை உரித்த பிறகு சில மாதங்கள்தான் உயிரோடு இருக்கும், அவ்வளவுதான்.

வெயில்

ஷட்டர் வேகத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் குளிர்நாட்டு வெளிச்சத்தை வைத்தே எழுதுகிறார்கள். 1/1000 நொடி தாராளம் என்பார்கள். சித்திரை மாதத்து மதியத்தில் 400 ஐஎஸ்ஓ (வெளிச்சத்தைப் பிடிக்கும் திறனின் எண்) பிலிம் போட்டுப் பாருங்கள். 1/500 நொடிக்கு எஃப் 16 வேண்டும். எஃப் எண் ஏற ஏற லென்ஸ் திறப்பு சிறியதாகும், பின்னணியும் தெளிவாகிக்கொண்டே போகும். கே1000, ஏஇ-1, ஓஎம்-1 மூன்றும் 1/1000 நொடியோடு நின்றுவிடும். அதில் எஃப் 11க்குக் கீழே இறங்க வழியில்லை, பின்னணி முழுக்கத் தெளிவாகத்தான் விழும். எஃப்எம்2 1/4000 நொடி வரை போகும். அதே வெயிலில் எஃப் 5.6க்கு இறங்கலாம்.

ஃபிளாஷ் போடுகிறவர்களுக்கு வித்தியாசம் இன்னும் பெரியது. ஃபிளாஷோடு சேர்ந்து போகக்கூடிய அதிகபட்ச ஷட்டர் வேகம் மற்ற மூன்றிலும் 1/60 நொடி, எஃப்எம்2 முதலில் 1/200, பின்னர் வந்ததில் 1/250. சீரியல் எண்ணுக்கு முன்னால் ஆங்கில ‘என்’ எழுத்து இருந்தால் அது பின்னர் வந்தது. மண்டப வாசலில் வெயிலில் நிற்கும் மணமக்களின் முகத்து நிழலை ஃபிளாஷ் போட்டுப் போக்கிவிட வேண்டும், பிலிம் 100 ஐஎஸ்ஓ என்றால், 1/60இல் எஃப் 22 வரை மூட வேண்டியிருக்கும். 1/250இல் எஃப் 11 போதும். கல்யாண வேலைக்கு எஃப்எம்2 எப்படிப் பொருந்தும் என்று இந்தக் கணக்கே சொல்லிவிடும்.

மற்ற மூன்றிலும் ஷட்டர் என்பது பக்கவாட்டில் ஓடும் துணித் திரை. எஃப்எம்2இல் மெல்லிய உலோகத் தகடுகள் மேலிருந்து கீழே பாயும். முதலில் வந்தவற்றில் தேன்கூடு போன்ற வடிவம் பொறித்த டைட்டானியம், பிறகு அலுமினியம். பின்கதவைத் திறந்து பார்க்கும்போது அந்தத் தகடுகளை விரலால் தொட்டுவிடாதீர்கள். ஒரு தகடு வளைந்தாலும் போச்சு.

கையில் எடுத்தால்

இந்த இடத்தில் நான் நடுநிலையாக இல்லை. ஓஎம்-1 எனக்குப் பிடிக்கும், மிகவும் பிடிக்கும்.

ஒலிம்பஸின் வடிவமைப்பாளர் யோஷிஹிசா மைதானி வடிவமைத்தது. எஸ்எல்ஆர் என்றாலே செங்கல் கனம் என்றிருந்த 1972இல், 510 கிராமில் ஒரு முழு எஸ்எல்ஆரைச் செய்து காட்டினார். முதலில் அதற்கு எம்-1 என்றுதான் பெயர். எம் வரிசையை ஏற்கெனவே வைத்திருந்த ஜெர்மன் கேமரா கம்பெனி லைக்கா தரப்பு ஆட்சேபித்ததால் ஓஎம்-1 ஆனது. எம்-1 என்று பொறித்த பாடி கிடைத்தால் சேகரிப்பவர்கள் விடமாட்டார்கள். பாடி சிறியதுதான், வியூஃபைண்டரோ நான்கிலும் பெரியது. கண்ணை வைத்தால் ஜன்னலைத் திறந்தது மாதிரி இருக்கும். ஷட்டர் வேகத்தை மேலே இருக்கும் டயலில் தேட வேண்டாம், லென்ஸைச் சுற்றியே ஒரு வளையமாக இருக்கிறது. இடது கை லென்ஸைத் தாங்கியபடியே வேகம், அப்பர்ச்சர், ஃபோகஸ் மூன்றையும் மாற்றிவிடும்.

ஆனால் ஓஎம்-1 வாங்கப் போகிறவர் லென்ஸைக் கழற்றுவதற்கு முன் வியூஃபைண்டரைப் பார்க்க வேண்டும். பிரிசத்தின் (வியூஃபைண்டருக்குக் காட்சியைத் திருப்பும் கண்ணாடிக் கட்டியின்) மேல் ஒட்டியிருக்கும் ஸ்பாஞ்ச் காலப்போக்கில் பிசினாகி, பிரிசத்தின் வெள்ளிப் பூச்சை அரித்துவிடும். வியூஃபைண்டரில் அழுக்குக் கோடுகள் போலவோ படை படர்ந்தது போலவோ தெரியும். படத்தில் விழாது, ஆனால் வேறு பிரிசம் மாற்றும் வரை ஒவ்வொரு முறையும் கண்ணை உறுத்தும். அப்படி இருந்தால் விலையை நன்றாகக் குறையுங்கள், இல்லை விட்டுவிடுங்கள்.

கே1000 அந்த அழகு எதுவும் இல்லாத, நேர்மையான கேமரா. 1976இல் தொடங்கி 1997 வரை, 21 ஆண்டுகள், பெரிதாக மாற்றம் இல்லாமல் செய்தார்கள். அமெரிக்காவில் போட்டோகிராபி வகுப்பு என்றாலே இதுதான். செல்ஃப் டைமர் இல்லை, அப்பர்ச்சரை மூடிப் பார்க்கும் பட்டனும் இல்லை. ஒரு முள், ஒரு வளையம், ஒரு டயல், அவ்வளவே. கற்றுக்கொள்ள இதைவிட நல்லது கிடையாது என்று சொல்லிச் சொல்லியே அதன் விலையை ஏற்றிவிட்டார்கள். இதே பாடியில் மேலே சொன்ன இரண்டு வசதியும் உள்ள பென்டாக்ஸ் கேஎம் என்று ஒன்று இருக்கிறது. அதைப் பெயர் சொல்லித் தேடுகிறவர்கள் குறைவு. கண்ணில் பட்டால் தயங்காமல் அதை எடுங்கள். கே1000தான் வேண்டும் என்றால், பிரிசத்தின் மேல் ‘அசாஹி’ என்று பொறித்த ஜப்பான் பாடியைப் பாருங்கள். பிற்காலத்தில் சீனாவில் செய்தவற்றில் பிளாஸ்டிக் அதிகம்.

லென்ஸ்தான் சொத்து

பாடி ஒரு இருட்டுப் பெட்டி. நம்மோடு கடைசி வரை வரப்போவது லென்ஸ். அதனால் எந்த மவுண்ட் (லென்ஸ் பாடியில் மாட்டும் இடத்தின் வகை) என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும், பாடியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நிக்கானின் எஃப் மவுண்ட் 1959இலிருந்து வருகிறது. பழைய லென்ஸ் நம் ஊரில் அதிகம் புழங்குவதும் இதில்தான். 50 மி.மீ. எஃப் 1.8 எளிதில் கிடைக்கும். கொஞ்சம் கூடுதலாகச் செலவு செய்ய முடிந்தால் 105 மி.மீ. எஃப் 2.5 வாங்குங்கள். அமெரிக்கப் புகைப்படக்காரர் ஸ்டீவ் மெக்கரி 1984இல் எடுத்த ஆப்கன் சிறுமியின் படம் எஃப்எம்2இல் இந்த லென்ஸைப் போட்டு எடுத்ததுதான். முகங்களுக்கென்றே பிறந்த லென்ஸ் அது.

ஒரு எச்சரிக்கை. 1977க்கு முந்தைய, மாற்றம் செய்யாத நிக்கான் லென்ஸ்களை எஃப்எம்2இல் மாட்டக் கூடாது, அழுத்தினால் உடையும். எஃப்எம்2க்கு முன்பு வந்த நிக்கான் எஃப்எம்மில் ஒரு சிறு கொக்கியை மடக்கிவிட்டு அவற்றையும் மாட்டலாம். எஃப்எம் 1/1000 நொடி வரைதான், ஃபிளாஷுக்கு 1/125. மற்றபடி அதே உலோக உடம்பு, அதே பேட்டரி, விலை குறைவு. இந்த நான்கு பெயர்களுக்கு வெளியே இருக்கும் எஃப்எம்தான், போட்ட காசுக்கு நியாயமான கேமரா என்பது என் முடிவு.

பென்டாக்ஸின் கே மவுண்ட் லென்ஸ் இன்றைய பென்டாக்ஸ் டிஜிட்டல் பாடியிலும் நேராக உட்காரும். கேனன் 1987இல் புது மவுண்ட்டுக்குப் போனபோது எஃப்டி லென்ஸ்களை அப்படியே கைவிட்டது. பல காலம் கேட்பாரற்றுக் கிடந்த அந்த லென்ஸ்கள், மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத டிஜிட்டல்) கேமராவில் அடாப்டர் போட்டு மாட்டலாம் என்று தெரிந்ததும் மறுபடி விலை ஏறின. ஒலிம்பஸின் ஸுய்கோ லென்ஸ்கள் சிறியவை, கூர்மையானவை, ஆனால் நம் ஊரில் அரிது. அடுத்த லென்ஸுக்கு மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும்.

சோவியத் ஜெனிட் கேமராவைப் பற்றியும் கேட்பார்கள். பாடி முரட்டுத்தனம். அதோடு வரும் ஹீலியோஸ் 58 மி.மீ. எஃப் 2க்காக வாங்கலாம், பின்னணி சுழன்று விழும் அழகு அதற்கே உரியது.

பூஞ்சை

முதல் ஆண்டுகளில் ஒரு 135 மி.மீ. லென்ஸை ஆன்லைனில் வாங்கினேன். போட்டோவில் முன்கண்ணாடி பளபளவென்று இருந்தது. வந்ததும் பின்பக்கத்திலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தால், உள்ளே சிலந்தி வலை போல இழை இழையாகப் பூஞ்சை. விற்றவர் அதன் பிறகு பதிலே சொல்லவில்லை. சுத்தம் செய்து பார்த்தார்கள், இழை போனது, அது கண்ணாடியின் பூச்சில் தின்ற தடம் போகவில்லை. அந்த லென்ஸில் இன்றும் வெளிச்சத்துக்கு எதிரே எடுத்தால் படம் வெளிறுகிறது.

அதனால் விற்பவரிடம் ஒரே ஒரு படம் கேளுங்கள்: அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து டார்ச் அடித்து, முன்னாலிருந்து எடுத்தது. தர மறுத்தால் வாங்க வேண்டாம். சிறு தூசி பரவாயில்லை. இழை, பால் போன்ற மூட்டம், அப்பர்ச்சர் தகடுகளில் எண்ணெய் மினுக்கம், இந்த மூன்றும் ஆகாது.

பாடியில் ஒரு நொடி வேகத்தை வைத்துக் காதால் கேளுங்கள், இடையில் திக்கக் கூடாது. பின்கதவைத் திறந்து, வெளிச்சத்தைப் பார்த்து 1/1000இல் தட்டுங்கள், பிலிம் சட்டகம் முழுவதும் ஒரே சீராக மின்ன வேண்டும், ஓரம் இருட்டாக இருந்தால் திரை இழுக்கிறது. ஏஇ-1இல் தட்டும்போது கீச்சென்று ஒரு சத்தம் வந்தால் கண்ணாடியைத் தூக்கும் பல்சக்கரத்தில் எண்ணெய் காய்ந்திருக்கிறது, கைதேர்ந்தவர் சரிசெய்துவிடுவார். பின்கதவு ஓரத்து ஸ்பாஞ்ச் கரைந்து ஒட்டுவது எல்லாப் பழைய கேமராவிலும் நடப்பது. அதை மாற்றுவது எளிது, அதற்காக நல்ல பாடியை விட்டுவிடாதீர்கள்.

ஸ்டுடியோவில் உழைத்து ஓரங்களில் பித்தளை தெரியும் எஃப்எம்2 ஒருபுறம், பீரோவில் இருபது ஆண்டு தூங்கிய பளபளப்பான எஃப்எம்2 மறுபுறம் என்றால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன். ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தில் எண்ணெய் உறைவதில்லை.

வாங்கிய பிறகு தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ரப்பர் விளிம்பு உள்ள பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் ஒரு சிறு மீட்டர், இவை போதும். 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வாரம் ஒருமுறை ஜெல்லைப் பாருங்கள்.

கற்றுக்கொள்ளும் மாணவர் என்றால் பென்டாக்ஸ் கேஎம் அல்லது கே1000. ஒன்று வாங்கி ஆயுசுக்கும் வைத்திருக்க வேண்டும் என்றால் எஃப்எம், கை இடம் கொடுத்தால் எஃப்எம்2. எங்கும் தூக்கிக்கொண்டு நடப்பவர், லென்ஸுக்குக் காத்திருக்கப் பொறுமை உள்ளவர், ஓஎம்-1. ஏஇ-1ஐ நேரில் கையில் எடுத்து, பேட்டரி போட்டு, தட்டிப் பார்க்க முடிந்தால் மட்டும் வாங்குங்கள், தபாலில் வேண்டாம்.

எதை வாங்கினாலும், முதல் ரோலைப் போட்டு லீவரை இழுக்கும்போது இடதுபக்கத்து ரீவைண்ட் குமிழைக் கவனியுங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் அதுவும் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் பிலிம் பல்லில் மாட்டவில்லை, கதவைத் திறந்து மறுபடி மாட்டுங்கள்.