மெட்ஃபோமின்: சாதாரணமா, எஸ்ஆரா?

கொழும்பில் அரச கிளினிக்குக்குப் போகிற சீனி வருத்தக்காரர்களுக்கு வருகிற குழப்பம் இது: கிளினிக்கில் தரும் சாதாரண மெட்ஃபோமின் குளிசையே போதுமா, வெள்ளவத்தைப் பாமசியில் காசு கொடுத்து எஸ்ஆர் வாங்குவதா? இரண்டும் ஒரே மருந்துதான். எஸ்ஆர் (SR, sustained release) மெதுவாகக் கரையும். சீனியைக் குறைப்பதில் பெரிய வித்தியாசம் கிடையாது.

செலவு: சாதாரணம் கிளினிக்கில் இலவசம். எஸ்ஆர் விலை கூட.

நேரம்: சாதாரணம் நாளுக்கு இரண்டு மூன்று தரம், சாப்பாட்டோடு. எஸ்ஆர் பெரும்பாலும் ஒரு தரம், இரவுச் சாப்பாட்டோடு.

வயிறு: உண்மையான வித்தியாசம் இங்கேதான். சாதாரணத்தில் ஓங்காளம், வயிற்றோட்டம் கூட. ஆனால் குறைந்த அளவில் தொடங்கிக் கூட்டினால் பலருக்குச் சில கிழமைகளில் அடங்கிவிடும். அதற்குள் பயந்து நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு.

விழுங்குவது: எஸ்ஆரை நொறுக்கவோ சப்பவோ கூடாது, மருந்து மொத்தமாக இறங்கிவிடும். சில வேளை மலத்தில் முழுக் குளிசை மாதிரி ஒன்று தெரியும். அது வெறும் கோதுதான், மருந்து உடம்புக்குள் போயாயிற்று.

விட்டமின் பி12 குறைவதும், சிறுநீரகப் பரிசோதனை தேவைப்படுவதும் இரண்டுக்கும் பொது.

வயிறு ஒத்துக்கொண்டால் கிளினிக் குளிசையே போதும், காசை மிச்சம் பிடியுங்கள். வயிற்றோட்டம் விடவில்லை, பகல் குளிசை அடிக்கடி மறக்கிறது என்றால் டொக்டரிடம் எஸ்ஆர் பற்றிக் கேளுங்கள். மாற்றும்போது கிளினிக் கொப்பியில் எழுதுவித்துவிட்டு, பழைய குளிசையை நிறுத்துங்கள். பெட்டியில் பெயர் வேறாக இருப்பதால் இரண்டையும் சேர்த்தே போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.