இன்ஸ்பெக்டர் வந்தால்: 1862-க்கு முன்னும் பின்னும்

இங்கிலாந்தில் அரசு மானியம் வாங்கும் பள்ளிகளுக்கு 1839 டிசம்பரில் முதன்முதலாக இரண்டு இன்ஸ்பெக்டர்கள் நியமிக்கப்பட்டார்கள். அவர்களுக்கு மேலே இருந்த ஜேம்ஸ் கே சொன்னது: அதிகாரம் காட்டாதீர்கள், உதவி செய்யுங்கள். கட்டடம், பாடம் நடத்தும் முறை, ஒழுங்கு எல்லாம் பார்த்து அறிக்கை எழுதுவார்கள். நல்ல முறைதான். ஆனால் மேல் வகுப்புப் பிள்ளைகள் பளிச்சென்று பதில் சொன்னால் பள்ளியே நன்றாகத் தெரியும். கீழே உள்ள சின்னப் பிள்ளைகளை ஆசிரியர்கள் கண்டுகொள்வதில்லை என்று 1861-ல் பள்ளிக் கல்வியை விசாரிக்க அரசு அமைத்த நியூகாசில் கமிஷன் குறை சொன்னது.

அதற்கு அரசில் கல்விப் பொறுப்பு வகித்த ராபர்ட் லோ கொண்டுவந்த மருந்து 1862-ன் திருத்தப்பட்ட விதித்தொகுப்பு, அதாவது மானியம் தரும் புது விதிகள். ஆறு தரநிலைகள், ஒவ்வொரு பிள்ளைக்கும் வாசிப்பு, எழுத்து, கணக்கில் தனித்தனித் தேர்வு. 200 முறைக்கு மேல் வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் பள்ளிக்கு 8 ஷில்லிங் மானியம் கிடைக்கும். ஒரு பாடத்தில் தவறினால் அதில் மூன்றில் ஒரு பங்கு, 2 ஷில்லிங் 8 பென்ஸ், போய்விடும். சரி, இனி கடைசி பெஞ்சுப் பிள்ளையையும் விட முடியாது. அந்த ஒரு லாபத்தை மறுக்கக் கூடாது. அப்புறம் நடந்ததுதான் வேதனை. வாசிப்புப் புத்தகம் மனப்பாடமானது. வரலாறும் புவியியலும் ஒதுங்கின. இன்ஸ்பெக்டராகவே இருந்த கவிஞர் மேத்யூ ஆர்னால்ட் இதை இயந்திரத்தனம் என்று சாடினார்.

என்னைக் கேட்டால் பழைய முறையையே எடுப்பேன், ஒரு திருத்தத்தோடு: இன்ஸ்பெக்டர் கீழ் வகுப்பிலிருந்து தொடங்க வேண்டும். லோவின் முறையை 1890-களில் இங்கிலாந்து அரசே கைவிட்டது.