ஈ கட்டும் வைஸ்: கூலிக்குக் கட்டுகிறவன் கணக்கு

காரைக்குடியில் நகைப் பட்டறை வைத்திருக்கிறேன். ஆயத்த நகைகள் வந்தபின் பாதிப் பகல் கை சும்மா கிடக்கிறது. அந்த நேரத்தில், நீலகிரி ஓடைகளில் டிரவுட் மீன் பிடிக்கப் போகிறவர்களுக்குச் செயற்கை ஈ கட்டிக் கொடுக்கிறேன். மீன் ஏமாந்து கவ்வும்படி, தூண்டில் கொக்கியில் நூலும் இறகும் சுற்றிப் பூச்சியாக்கும் வேலை. கொக்கியைக் கவ்விப் பிடிப்பது வைஸ். என்னிடம் இரண்டு இருக்கின்றன.

முதலாவது, இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பெயர் இல்லாத சரக்கு. அதன் தாடையில் அரத்தை வைத்து இழுத்தேன். கடித்துக்கொண்டு பொடி உதிர்ந்தது. காய்ச்சித் தோய்த்த எஃகாக இருந்தால் அரம் வழுக்கியிருக்கும். இது பச்சை இரும்பு. 12-ஆம் எண் கொக்கியை ஒருமாதிரிப் பிடிக்கிறது. 18-க்குப் போனால் (எண் ஏற ஏறக் கொக்கி சிறுக்கும்) நூலை இறுக்கும்போதெல்லாம் கொக்கி தலை சாய்கிறது. விரைவிலேயே தாடையில் பள்ளமும் விழுந்துவிட்டது. ஆசைக்குக் கட்டிப் பார்க்க அது போதும். காசுக்குக் கட்ட உதவாது.

இரண்டாவது ரென்செட்டி டிராவலர், அமெரிக்காவின் புளோரிடாவில் செய்வது. அக்காள் மகன் வரும்போது கொண்டுவந்தான். "மாமா, இந்தக் காசுக்கு ஒரு தையல் மெஷினே வாங்கலாம்" என்று அவன் முனகியது நியாயம்தான். சிறு நெம்புகோலைத் தள்ளியதும் கொக்கி அசையாமல் நிற்கிறது. கொக்கியின் தண்டு, தாடை சுழலும் அச்சிலேயே அமைவதால், கைப்பிடியைத் திருப்பினால் கொக்கி அலையாமல் நின்ற இடத்தில் சுற்றுகிறது. ஜரிகை இழையை நேராகப் பிடித்துக்கொண்டால் போதும், ஈயின் உடம்பு இடைவெளி விடாமல் நிறைந்துவிடும். எனக்குப் பிடித்தது வேறு: ஈயின் அடிவயிற்றைத் திருப்பிப் பார்க்கலாம். மீன் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தானே!

ஆனால் சுழலும் வைஸ் வாங்கினால் வருமானம் இரட்டிக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். உடம்பு சுற்றுவதில் மிச்சமாகும் நேரம் கொஞ்சம்தான். இறகு பொறுக்குவதில்தான் பொழுது போகிறது. நாட்டுச் சேவலின் கழுத்திறகில் விறைப்பான இழை உள்ளதாகப் பார்த்து, ஒரே அளவில் பிரித்து வைக்க வேண்டும். எங்கள் ஊர் மெஸ்களுக்குக் கோழி உரிப்பவர்கள் கழுத்துத் தோலைத் தூக்கி எறியத்தான் போகிறார்கள். சொல்லி வைத்தால் எடுத்து வைப்பார்கள். பன்னிரண்டு ஈயும் ஒரே அச்சாக இருந்தால்தான் டஜன் விலை கிடைக்கும். ஒன்று பருத்து ஒன்று இளைத்தால் பேரம் தொடங்கிவிடும். கொக்கி நழுவாத வைஸ் அங்கேதான் தன் விலையைத் திருப்பித் தருகிறது.

வெளிநாட்டு ஆர்டர் பற்றிக் கேட்கிறார்கள். கென்யாவில் இதையே தொழிலாகச் செய்யும் கூடங்கள் உள்ளன. விலையில் அவர்களோடு மோத முடியாது. மயிலிறகு இழை சேர்க்கும் ஈக்களை அனுப்பவும் வழியில்லை, மயிலிறகு ஏற்றுமதிக்குத் தடை. குன்றக்குடிப் பக்கம் உதிர்ந்து கிடக்கும் இறகு உள்ளூர் ஈக்கு மட்டும்தான்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று. மேசை விளிம்பில் திருகும் மாதிரியும் உண்டு, கனத்த பீடத்தோடு நிற்கும் மாதிரியும் உண்டு. என்னைப் போல் ஆத்தங்குடிக் கல்லில் சம்மணமிட்டு, சாய்ந்த பலகை கொண்ட குட்டையான கணக்குப்பிள்ளை மேசையில் வேலை செய்பவர்கள் பீடத்தையே கேளுங்கள். அந்த மேசையின் தடித்த விளிம்பைத் திருகுப்பிடி கவ்வாது. பீடத்தையும் அந்தச் சாய்ந்த பலகை மேல் வைக்காதீர்கள், பக்கத்தில் ஒரு மணையைப் போட்டு அதில் நிறுத்துங்கள்.