பேட்டரி கேட்காத கேமரா: டிரிப் 35-உடன் நாலு வருடம்

பழைய ஃபிலிம் கேமரா ஒன்று வாங்க நினைத்தபோது, முதலில் ஆசை வந்தது ஒலிம்பஸ் மியூ-2 மேல். விலையைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. தொண்ணூறுகளில் வந்த கேமரா அது. உள்ளே மோட்டாரும் சர்க்யூட்டும்தான். அந்த ரகம் ஒரு நாள் நின்றுபோனால் திறந்து பார்க்கவே பழுது பார்ப்பவர்கள் யோசிப்பார்கள். யாஷிகா எலெக்ட்ரோ 35 அருமையான லென்ஸ், ஆனால் அதற்கென்று இருந்த பாதரச பேட்டரி இப்போது கிடைப்பதில்லை. மாற்று பேட்டரிக்கு அடாப்டர் தேடும் பொறுமை எனக்கு இல்லை.

கடைசியில் நின்றது ஒலிம்பஸ் டிரிப் 35-இல். 1967-இல் வந்து 1984 வரை தயாரிப்பில் இருந்தது என்பதால் சந்தையில் பஞ்சமே இல்லை. இதற்குப் பேட்டரி கிடையாது. லென்ஸைச் சுற்றித் தேன்கூடு மாதிரி ஒரு வளையம் தெரியும். அதற்குப் பின்னால் இருக்கும் செலினியம் செல், விழுகிற வெளிச்சத்தையே மின்சாரமாக்கி, வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் முள்ளை நகர்த்தும். ஷட்டர் வேகம் இரண்டே இரண்டு: 1/40 விநாடி, 1/200 விநாடி. எது வேண்டும் என்பதைக் கேமராவே முடிவு செய்துகொள்ளும். வெளிச்சம் போதாவிட்டால் வியூஃபைண்டருக்குள் சிவப்புக் கொடி எழும்பும், ஷட்டர் விழாது. லென்ஸ் மூடியைக் கழற்ற மறந்தாலும் அதே கொடிதான். என் ஞாபகசக்திக்கு இந்த ஒன்றே போதும்.

இரண்டு முறை வாங்க வேண்டி வந்தது. முதல் கேமராவை இணையத்தில் படம் பார்த்து வாங்கினேன். பளபளவென்று வந்தது, மீட்டர் மட்டும் செத்திருந்தது. இரண்டாவதைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகே காசு கொடுத்தேன். சோதனை சுலபம்: லென்ஸ் துளையின் அளவை மாற்றும் வளையத்தை ‘ஏ’-யில் (தானியங்கி) வைத்து, லென்ஸைக் கையால் மூடி ஷட்டரை அழுத்தினால் சிவப்புக் கொடி வர வேண்டும். வெயிலைப் பார்த்து அழுத்தினால் வரக் கூடாது. அப்புறம் பின்மூடியைத் திறந்து, வெளிச்சம் புகாமல் தடுக்கும் ஓரத்துக் கறுப்புப் பஞ்சைத் தொட்டுப் பாருங்கள். பழைய கேமராக்களில் பெரும்பாலும் அது தார் மாதிரிப் பிசுபிசுத்திருக்கும். இதற்காக வாங்காமல் விட வேண்டாம். நான் சுரண்டி எடுத்துவிட்டுக் கறுப்புக் கம்பளி நூலை ஒட்டினேன். வெளிச்சக் கசிவு நின்றுவிட்டது. லென்ஸுக்குள் சிலந்தி வலை போலப் பூஞ்சை ஓடியிருந்தால் மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பூஞ்சை என்றதும் நினைவுக்கு வருகிறது: சென்னையில் இருப்பவர்கள் தோல் உறைக்குள் போட்டு அலமாரியில் வைக்கவே கூடாது. சிலிக்கா ஜெல் பையோடு இறுக்கமான டப்பாவில் வைக்கிறேன். மாதம் ஒரு முறை வெயில் பார்க்க எடுத்துவிடுவேன்.

படம் எப்படி? 40 மி.மீ., எஃப் 2.8 லென்ஸ், நாலு கண்ணாடித் துண்டுகள். நல்ல வெயிலில் கூர்மை ஆச்சரியப்படுத்துகிறது. நம் ஊர் நடுப்பகலுக்கு 200 ஐஎஸ்ஓ (ஃபிலிம் வெளிச்சத்தை உணரும் அளவு) ஃபிலிமே சரி. 400 போட்டால் 1/200-இல் லென்ஸ் துளையை எஃப் 22 வரை இறுக்க வேண்டியிருக்கும். அதற்கு மேல் இந்தக் கேமராவிடம் இடமில்லை. மாலையிலும் வீட்டுத் திண்ணையிலும் 400 கை கொடுக்கும். எதிர்வெயிலில் முகம் கறுத்துவிடும் என்று தோன்றினால், நிழல் பக்கம் திருப்பி ஷட்டரைப் பாதி அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆளிடம் திரும்பலாம். அந்த அளவிலேயே படம் பதியும்.

குறை, ஃபோகஸ்தான். தூரத்தைக் குறிக்க ஃபோகஸ் வளையத்தில் ஒரு தலை, இரண்டு தலை, சின்னக் கூட்டம், மலை என்று நாலு பொம்மைகள் இருக்கின்றன. தூரத்தை நாம்தான் கண்ணால் அளக்க வேண்டும். முதல் ரோலில் என் அக்கா மகள் ஆறு படங்களில் மங்கலாகவும், அவளுக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டி துல்லியமாகவும் வந்திருந்தது. இப்போது வீட்டை விட்டுக் கிளம்பும்போதே கூட்டப் பொம்மைக்குத் திருப்பி வைத்துவிடுவேன். மூன்று மீட்டருக்கான குறி அது. பகல் வெளிச்சத்தில் முன்னும் பின்னும் நிறையவே அடங்கிவிடும்.

குழந்தைகள் ஓடியாடுவதை வீட்டுக்குள் எடுக்க நினைப்பவர்களுக்கு இது வேண்டாம். கொடி வந்துகொண்டே இருக்கும், வந்த படமும் 1/40-இல் இழுத்துக்கொண்டு போகும். மற்றவர்கள் யோசிக்க வேண்டியது ஃபிலிம் செலவைத்தான். கேமராவுக்கு நான் கொடுத்த 4,500 ரூபாயை ரோலும் கழுவும் கூலியும் முதல் வருடத்திலேயே தாண்டிவிட்டன.