கும்பகோணத்திலிருந்து சிங்கப்பூர்: திருச்சியா, சென்னையா?

வரைபடத்தில் பார்த்தால் சிங்கப்பூருக்குச் சென்னைதான் கொஞ்சம் பக்கம். வான்வழியில் அங்கிருந்து சுமார் 2,920 கி.மீ., திருச்சியிலிருந்து சுமார் 2,980. இந்த 60 கி.மீட்டரைக் கடக்க விமானத்துக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. எங்கே ஏறினாலும் பறக்கும் நேரம் நாலு, நாலேகால் மணிதான். அதனால் டெல்டாவில் இருப்பவர்கள் கணக்குப் பார்க்க வேண்டியது வீட்டு வாசலிலிருந்து விமான நிலையம் வரைக்குமான தரைவழியை.

தஞ்சாவூரிலிருந்து காரில் துவாக்குடி தாண்டித் திருச்சி விமான நிலையம் போக ஒன்றேகால் மணி நேரம் போதும். கும்பகோணம் என்றால் இரண்டரை மணி வைத்துக்கொள்ளலாம். சென்னைக்கு அதே கும்பகோணத்திலிருந்து ரயிலோ காரோ, ஆறு மணி நேரமாவது போய்விடும். மூன்று மணி நேரம் முன்னதாக வேறு போய் நிற்க வேண்டும். வயதான அப்பா அம்மாவைப் பேரப்பிள்ளையைப் பார்க்க அனுப்புகிறவர்கள், டிக்கெட் விலை கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் திருச்சியிலேயே ஏற்றிவிடுங்கள். திரும்பி வரும்போது விமானம் நடுராத்திரி இறங்கினாலும் வீட்டிலிருந்து ஒருவர் போய்க் கூட்டி வந்துவிடலாம். 2024இல் திறந்த புது முனையத்தில் இடமும் தாராளம்.

மயிலாடுதுறை, சீர்காழிப் பக்கம் மட்டும் கணக்கு மாறுகிறது. மயிலாடுதுறையிலிருந்து திருச்சிக்குச் சாலையில் மூன்று மணி நேரத்துக்கு மேல். சென்னை ரயிலில் ஏறினால் நாலரை, ஐந்து மணியில் தாம்பரம். எழும்பூர் வரை போகாமல் அங்கேயே இறங்கி, மின்சார ரயிலில் திரிசூலம் போனால் எதிரே விமான நிலையம். பெட்டி குறைவாக இருந்து, ரயிலில் படுக்கையும் உறுதியாகிவிட்டால் இது நல்ல வழி. காத்திருப்புப் பட்டியலை நம்பி மட்டும் விமான டிக்கெட் போடாதீர்கள்.

கொழும்பில் மாறிப் போவது மூன்றாவது வழி. திருச்சி–கொழும்பு சுமார் 420 கி.மீ., அங்கிருந்து சிங்கப்பூர் சுமார் 2,750. மொத்தத் தூரம் பெரிதாகக் கூடுவதில்லை, காத்திருப்புதான் நேரத்தைத் தின்னும். விலை நன்றாகக் குறைந்தால் ஒழிய வேண்டாம்.

அப்புறம், டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தை அப்படியே கழித்துப் பார்த்துக் குழம்ப வேண்டாம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இரவு 1 மணிக்குக் கிளம்பிக் காலை 7.30க்கு இறங்கும் என்றிருந்தால் நடுவில் பறப்பது நாலு மணி நேரம். திரும்பும்போது ஒன்றரை மணியிலேயே ஊர் வந்துவிடும்போலத் தெரியும். அதை நம்பி அழைக்க வருபவருக்கு நேரம் சொல்லாமல், இறங்கும் நேரத்தை மட்டும் சொல்லுங்கள். அது இந்திய நேரத்தில்தான் இருக்கும்.