தீபாவளித் தட்டு: வீட்டில் சுடுவதா, அக்காவிடம் ஆர்டர் கொடுப்பதா, பேக்கரியில் வாங்குவதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் தீபாவளி நெருங்கினாலே எல்லா வீட்டிலும் இதே பேச்சுதான். பலகாரத்தை நாமே சுடுவதா, பக்கத்துத் தெருவில் ஆர்டர் எடுக்கும் அக்காவிடம் சொல்லிவிடுவதா, இல்லை பேக்கரியிலும் பலகாரக் கடையிலும் பெட்டி பெட்டியாக வாங்கி அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து முடிப்பதா? சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் என்று எங்கே போனாலும் பெரியவர்கள் வீட்டில் செய்ததுதான் சுத்தம் என்பார்கள், இளையவர்களோ கடைக்காவது இன்ஸ்பெக்டர் வருகிறார், வீட்டு அடுப்படியை யார் வந்து பார்க்கிறார்கள் என்று கேட்பார்கள். இரண்டு பேச்சிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் யார் செய்தது என்ற கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும் என்பது என் கட்சி: அந்தப் பண்டத்தில் ஈரம் எவ்வளவு?

முறுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பிழிந்த மாவு எண்ணெயில் விழுந்ததும் சலசலவென்று பொங்கும், கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் குறையும், அடங்கியதும் கரண்டியில் அள்ளி எடுப்போம். அந்தச் சத்தம் முழுக்க மாவில் இருக்கும் தண்ணீர் ஆவியாகி வெளியேறும் சத்தம்தான். தண்ணீர் போய்விட்டால் கிருமி பெருக வழியில்லை. உணவு அறிவியலில் இதை அளக்க ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள், சுத்தமான தண்ணீருக்கு 1 என்று வைத்து, பண்டத்தில் கிருமிக்குக் கிடைக்கும் ஈரம் எவ்வளவு என்று பார்ப்பார்கள், 0.85-க்குக் கீழே போனால் நம்மை நோயில் தள்ளும் பாக்டீரியாக்கள் வளர்வதில்லை. முறுக்கு அதைவிட வெகுதூரம் கீழே இருக்கும். அதற்கு வரக்கூடிய கேடெல்லாம் நமத்துப்போவதும், எண்ணெய் காறிப்போவதும்தான். வீட்டில் சுட்டாலும் சரி, அக்காவிடம் வாங்கினாலும் சரி, கடையில் வாங்கினாலும் சரி, முறுக்கில் நாம் ருசியையும் விலையையும் பார்த்தால் போதும்.

தேங்காய்ப் பூரணம் வைத்து அரைநிலா வடிவில் மடிக்கும் போளி அப்படியில்லை. பச்சைத் தேங்காய் துருவலில் ஈரமும் உண்டு, கொழுப்பும் உண்டு. உருளைக்கிழங்கு சமோசா, கறி சமோசா, வடை, கிரீம் வைத்த கேக் எல்லாம் இதே வகைதான். அதோடு ஊரின் பருவத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் தீபாவளிக்கு அடைமழை என்றால், நமக்கு அக்டோபர் நவம்பர் என்பது கோடை தொடங்கும் நேரம். கடலோரப் புழுக்கத்தில் மத்தியானம் மேசைமேல் வைத்த போளி சாயங்காலம் தொட்டாலே ஒட்டும்.

சரி, முதலில் வீட்டுப் பலகாரம். ருசியில் இதை அடிக்க எதுவும் இல்லை. எந்த எண்ணெய், எத்தனை முறை சுட்டது, நெய் எவ்வளவு, எல்லாமே நமக்குத் தெரியும். பிள்ளைகள் கூட உட்கார்ந்து போளி ஓரத்தை முள்கரண்டியால் அழுத்திக் கற்றுக்கொள்வார்கள், அந்தப் பழக்கத்தை எந்தக் கடையும் விற்க முடியாது. ஆனால் வீடு என்றாலே சுத்தம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம்மூர் பர்ஃபியைப் பாருங்கள். கிளிம் பால் பவுடரில் டின் கிரீமை ஊற்றி, ரவை பதம் வரும்வரை இரண்டு கையாலும் தேய்ப்போம். அப்புறம் கட்டி இல்லாமல் சலித்து, ஒற்றைக் கம்பிப் பாகில் கொட்டி, ஏலக்காய் தூவித் தட்டில் பரப்பி, மேலே பாதாம் சீவலை விரலால் அழுத்திவிடுவோம், ஆறியதும் துண்டு போட்டுக் காகிதக் கிண்ணத்தில் ஒவ்வொன்றாக எடுத்து வைப்போம். சர்க்கரை நிறைய இருப்பதால் ஈரத்தை அது பிடித்து வைத்துக்கொள்கிறது, அதனால் பால் பண்டமாக இருந்தும் பர்ஃபி கொஞ்ச நாள் தாங்கும். ஆனால் அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு அதில் எத்தனை முறை கை படுகிறது என்று எண்ணிப் பாருங்கள். விரலில் வெட்டுக்காயம் இருந்தாலோ, மூக்கைத் துடைத்த கையாலேயே எடுத்தாலோ, ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா பண்டத்துக்குப் போய்விடும். உலர்ந்த பர்ஃபியில் அது பெருக முடியாமல் கிடக்கும், ஈரமான பால்கோவாவிலும் கஸ்டர்டிலும் பெருகி நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது. வீட்டில் செய்தாலும் அதே கைதான், அதே கிருமிதான்.

ஃபிரிட்ஜ் சங்கதி வேறு. பண்டிகை வாரத்தில் வீட்டு ஃபிரிட்ஜில் ஊசி குத்த இடம் இருக்காது. நெருக்கி அடுக்கினால் குளிர்காற்று சுற்ற வழியில்லை, கதவை நிமிஷத்துக்கு ஒருமுறை திறந்தால் உள்ளே குளிர் நிற்காது. 2023-ல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்காது. கதவைத் திறக்காமல் வைத்தால் ஃபிரிட்ஜ் ஏறக்குறைய 4 மணி நேரம் தாங்கும், பண்டிகை வீட்டில் யார் திறக்காமல் இருப்பார்கள்?

அடுத்தது ஆர்டர் எடுக்கும் அக்கா. இந்த ஊரில் எத்தனையோ குடும்பங்களின் பள்ளிக் கட்டணம் இந்த அடுப்பிலிருந்துதான் வருகிறது, அதனால் இதைப் பற்றிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் வேகம் வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். நமக்குச் செய்ய நேரமில்லை, கடைப் பண்டத்தில் வீட்டு ருசி இல்லை, நடுவில் நிற்பவர் இவர்தான். ஒரே பண்டத்தை வருஷக்கணக்கில் செய்வதால் கை பக்குவம் நம்மைவிட நன்றாகவே இருக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? விற்பதற்காகச் சாப்பாட்டுப் பண்டத்தைக் கையாளும் இடம் எதுவானாலும் சி.ஓ.ஏ. என்று எல்லோரும் சொல்லும் ஏற்புச் சான்றிதழ் வேண்டும். 2018 ஜூன் மாதம் வந்த ஆர் 638 என்ற சுகாதார விதியில் இருக்கிறது இது; 1972-ஆம் வருஷத்து உணவுப் பொருள் சட்டத்தின் கீழ் வந்த விதி. கடை சின்னதா பெரியதா என்று அது பார்ப்பதில்லை. முனிசிபாலிட்டியின் சுகாதார அதிகாரி வந்து இடத்தைப் பார்ப்பார்: கை கழுவத் தனித் தொட்டியும் சுடுதண்ணீரும் உண்டா, கழிவறைக் கதவு நேராக அடுப்படிக்குள் திறக்கிறதா, குப்பைக்கூடைக்கு மூடி இருக்கிறதா, சுவரும் மேடையும் துடைத்தால் சுத்தமாகுமா, எலி கரப்பான் வர வழி உண்டா, பொறுப்பாளர் உணவுச் சுகாதாரப் பயிற்சி பெற்றவரா. சான்றிதழ் அந்த ஆளுக்கும் அந்த இடத்துக்கும்தான், அம்மா பெயரில் இருப்பதை மகள் வைத்து ஓட்ட முடியாது, வீடு மாறினால் புதிதாக வாங்க வேண்டும்.

நிறையப் பேர் இதைக் கேட்டதும் பயந்துவிடுகிறார்கள், அதிகாரி வந்தால் அடுப்பை மூடிவிடுவார் என்று. அந்தப் பட்டியலை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார்த்தால், பாதி ஏற்கெனவே நல்ல அடுப்படியில் இருப்பதுதான். எனக்கு விதியின் உள்ளடக்கத்தில் குறை இல்லை. நான்கு பர்னர் அடுப்பில் முறுக்கு மட்டும் சுடுகிறவருக்கும், கிரீம் கேக்கும் கறி சமோசாவும் செய்து ஊரெங்கும் அனுப்புகிறவருக்கும் ஒரே வாசல் வைத்திருப்பதில்தான் எனக்கு மனத்தாங்கல். ஆபத்து ஈரத்தில் இருக்கிறது என்றால், சோதனையும் அங்கேதான் அதிகம் இருக்க வேண்டும். உலர் பண்டம் மட்டும் செய்கிறவர்களுக்கு எளிய பதிவு, சமூகக் கூடத்தில் சாயங்காலப் பயிற்சி, இதைச் செய்தால் ஒளிந்து விற்கும் பலர் தாமாகவே முன்வருவார்கள்.

2024-க்குப் பிறகு இந்தப் பேச்சைத் தட்டிக்கழிக்கவும் முடியாது. தெருமுனை ஸ்பாசா கடைகளில் வாங்கித் தின்ற பிள்ளைகள் இறந்தார்கள். சொவேட்டோவின் நலேடியில் ஆறு பிள்ளைகள் சாவுக்கு டெர்புஃபாஸ் என்ற பூச்சிமருந்துதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள், வயலில் போட வேண்டிய கொடிய மருந்தை எலிக்கு வைக்கத் தெருவில் விற்றதால் வந்த வினை அது. அந்த நவம்பர் 15-ஆம் தேதி அதிபர் ராமபோசா, ஸ்பாசா கடைகளும் சாப்பாட்டுப் பண்டம் கையாளும் மற்ற இடங்களும் 21 நாளில் முனிசிபாலிட்டியில் பதிய வேண்டும் என்று அறிவித்தார், பிறகு கெடு 2025 பிப்ரவரி 28 வரை நீண்டது. ஆர்டர் எடுக்கும் அக்காவும் இதைத் தன் சங்கதியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். மாவு மூட்டை இருக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் எலி மருந்து இருக்கக் கூடாது என்பதற்கு அதிகாரி வந்து சொல்ல வேண்டியதில்லை.

நான் ஆர்டர் கொடுக்கும்போது நேரடியாகவே கேட்பேன், "அக்கா, சி.ஓ.ஏ. இருக்கா?" என்று. இருக்கிறவர் சந்தோஷமாகச் சுவரில் மாட்டியிருப்பதைக் காட்டுவார். இல்லாதவரிடம் முறுக்கும் நான்கட்டாய் பிஸ்கட்டும் வாங்குவேன், ஈரப் பண்டம் வாங்க மாட்டேன். எந்த நாளில் சுடுகிறார், எத்தனை பேருக்குச் செய்கிறார் என்பதும் முக்கியம். வழக்கமாக நாற்பது தட்டு செய்கிறவர் தீபாவளிக்கு இருநூறு தட்டு ஒத்துக்கொண்டால், அந்த வீட்டு ஃபிரிட்ஜ் மட்டும் பெரிதாகிவிடாது.

இனி பேக்கரி. பிரெட்டைக் குடைந்து குழம்பு ஊற்றும் பன்னி சௌவுக்கு முழு பிரெட் வேண்டுமானால் பேக்கரிதான், இதில் போட்டியே கிடையாது. வீட்டு ஓவன் அந்த மெத்தென்ற உள்பக்கத்தையும் குழம்பைத் தாங்கும் மேல்தோலையும் ஒன்றாகத் தராது. மாவிலேயே அரசாங்கத்தின் கை இருக்கிறது: 2003 முதல் கோதுமை மாவிலும் மக்காச்சோள மாவிலும் இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் மற்ற வைட்டமின்களும் சேர்க்க வேண்டும் என்பது சட்டம், பிரெட்டில் உப்புக்கும் 2016-லிருந்து வரம்பு வந்துவிட்டது. டிரான்ஸ் கொழுப்பு 100 கிராம் எண்ணெயில் 2 கிராமைத் தாண்டக் கூடாது என்று 2011-லேயே விதி போட்டார்கள், ஆகவே மார்கரின் போட்ட பேக்கரி பிஸ்கட் என்றாலே விஷம் என்று பழைய பயத்தில் பேசுவது இப்போது சரியில்லை.

பேக்கரியில் கிரீம் டோனட்டும் கிரீம் பன்னும்தான் எனக்கு உரைகல். எங்கள் பக்கத்துக் கடை ஒன்றில், பெயர் வேண்டாம், உச்சி வெயில் நேரத்தில் கல்லாவுக்குப் பக்கத்தில் மேல்தட்டில் கிரீம் டோனட் அடுக்கியிருந்தது, கண்ணாடிப் பெட்டிக்குள் விளக்கு எரிகிறது, குளிர் இல்லை, கிரீம் ஓரத்தில் மஞ்சள் கோடு விழுந்து உருகி வழிந்திருந்தது. சுவரில் சான்றிதழ் கம்பீரமாகத் தொங்கியது. குளிரில் இருக்க வேண்டிய பண்டம் குளிரில்தான் இருக்க வேண்டும், சூடாக விற்கும் சமோசாவும் பை என்ற பேஸ்ட்ரியும் 60 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பதும் அந்தச் சான்றிதழ் வந்த அதே விதிதான். அதிகாரி வந்த நாளில் எப்படி இருந்தது என்பதைத்தான் காகிதம் சொல்லும், இன்றைக்கு எப்படி என்பதை நம் கண்தான் பார்க்க வேண்டும். பெட்டிக்குள் கைவைத்தால் சில்லென்று இருக்கிறதா, இடுக்கியால் எடுக்கிறார்களா, காசு வாங்கிய கையாலேயே எடுக்கிறார்களா, சமோசா எண்ணெய் கறுத்து நுரைக்கிறதா, இவ்வளவும் வரிசையில் நிற்கும் நேரத்திலேயே தெரிந்துவிடும்.

சூப்பர்மார்க்கெட் பாக்கெட் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. லேபிள் இருக்கிறது, தேதி இருக்கிறது, கடலை, பாதாம், முட்டை, பால், கோதுமை போன்ற ஒவ்வாமைப் பொருள்கள் எழுதியிருக்கும், அந்த ஒரு விஷயத்தில் அது மற்ற எல்லாவற்றையும் மிஞ்சும். ருசி சுமார். பெரிய தொழிற்சாலை என்பதாலேயே பயமில்லை என்று நினைப்பவர்கள் 2017, 2018-ல் வந்த லிஸ்டீரியா கிருமியை நினைத்துக்கொள்ளட்டும். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நோயில் விழுந்தார்கள், இருநூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், மூலம் ஆலையில் செய்த போலோனி என்ற பதப்படுத்திய இறைச்சி. அதுவும் ஈரமான, சூடு பண்ணாமல் அப்படியே தின்னும் பண்டம்தான்.

விலையில் வீடுதான் மலிவு, நம் நேரத்துக்குக் காசு போடாதவரை. பாதாமும் நெய்யும் விற்கும் விலையில் அக்காவின் பர்ஃபி பேக்கரி கேக்கைவிட அதிகம் என்றால் நான் பேரம் பேச மாட்டேன், மிகவும் மலிவாகக் கொடுத்தால்தான் என்ன எண்ணெய், என்ன பால் பவுடர் என்று யோசிப்பேன்.

ஆக, எங்கள் வீட்டுத் தட்டு இப்படித்தான் போகும். முறுக்கும் சேவும் பத்து நாள் முன்பே வீட்டில் சுட்டு டப்பாவில் அடைத்துவிடுவோம். பர்ஃபியும், நம்மூரில் விரல் நீளத்துக்குச் செய்யும் குலாப் ஜாமுனும், சான்றிதழ் வைத்திருக்கும் அக்காவிடம், தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால். பிரெட்டும் பன்னும் பேக்கரியில், கிரீம் பண்டம் மட்டும் பெட்டி சில்லென்று இருந்தால்தான். போளிக்கு முந்தின நாளே மாவைப் பிசைந்து வைத்துவிட்டு, தேங்காய் துருவுவதும் சுடுவதும் தீபாவளி அன்று காலையில்தான். பக்கத்து வீட்டுக்குத் தட்டை நீட்டும்போது, போளியை இன்றைக்கே சாப்பிட்டுவிடுங்கள், மற்றதை வைத்திருந்து சாப்பிடலாம், பர்ஃபியில் பாதாம் இருக்கிறது, பிள்ளைகளுக்கு ஆகாது என்றால் எடுத்துவிடுங்கள் என்று வாயால் சொல்லியே கொடுப்போம்.