பாராமுகமா, ஒட்டாமையா?

நெருங்கிய ஒருவர் மனதளவில் தள்ளி நிற்பதை எழுத வரும்போது இந்த இரண்டு சொற்களுக்கு நடுவில் பலர் தடுமாறுகிறார்கள். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட்டால் பழி இடம் மாறிவிடும்.

பிறப்பு
பாராமுகம்: 'பாராத முகம்' என்பதில் 'த' கெட்டு நின்றது. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம்.
ஒட்டாமை: 'ஒட்டு' என்ற வினையின் எதிர்மறைத் தொழிற்பெயர். ஒட்டுதலுக்குச் சேர்தல், இணங்குதல் என்று இரு பொருளும் உண்டு. அதனால்தான் பழந்தமிழில் 'ஒட்டார்' என்றால் பகைவர். 'ஒட்டார்சொல் ஒல்லை உணரப் படும்' என்கிறது 826ஆம் குறள். இன்றைய ஒட்டாமையில் அந்தப் பகை இல்லை, மனம் சேராத நிலை மட்டுமே இருக்கிறது. எனக்கு இந்தச் சொல்லில் மிகவும் பிடித்தது இந்தத் தணிவுதான்.

நோக்கம்
பாராமுகம்: தெரிந்தே செய்வது. பார்க்க முடிந்தும் பார்க்காததால், சொல்லிலேயே குற்றச்சாட்டு இருக்கிறது.
ஒட்டாமை: யாரும் திட்டமிடாமலும் நேரும். தினமும் பேசிச் சிரிக்கிறவர்களுக்குள்ளும் இருக்கலாம்.

காலம்
பாராமுகம் ஒரு நாளில் தொடங்கி மறுநாளே முடியலாம். ஒட்டாமை மெல்லப் படிவது.

வழக்கு
'பாராமுகமாக இருக்கிறார்' என்று நேராக எழுதலாம். ஒட்டாமை பெயராக நின்றால் சற்று விறைப்பு. 'ஒட்டாமல் பழகுகிறார்', 'மனசு ஒட்டவில்லை' என்றால் இயல்பு.

ஒருவர் உங்களைப் புறக்கணிக்கிறார் என்று உணர்த்த பாராமுகம். யார்மீதும் பழி போடாமல் இடைவெளியை மட்டும் சொல்ல ஒட்டாமை.